ஊழியர் தரவின் தரம்: பிழை ஒருவருடையது, இழப்பு மற்றொருவருடையது

ஒரு நிறுவனம் தன் ஊழியரைப் பற்றி அறிந்திருப்பதெல்லாம் அவரைக் குறித்து எழுதி வைத்திருக்கும் பதிவில் அடங்கியிருக்கிறது. அவர் எப்போது பிறந்தார், எந்நாளில் பணியேற்றார், எந்த வங்கிக் கணக்கில் அவருடைய சம்பளம் சேர வேண்டும், அவருக்குப் பின் அவருடைய பணம் யாரைச் சேர வேண்டும் என்பனவற்றுக்கெல்லாம் அந்தப் பதிவே சான்று. நேரில் பழகிய மேலாளர் மாற்றலாகிப் போகலாம். உடன் வேலை பார்த்தவர்கள் ஓய்வு பெற்றுவிடலாம். முப்பது ஆண்டுகள் கழித்து அவருக்காகப் பேச எஞ்சி நிற்பது பதிவு மட்டுமே. ஆகவே அந்தப் பதிவில் நேரும் எழுத்துப் பிழை, காலப்போக்கில் ஒரு மனிதரின் உரிமையில் விழும் குறையாக மாறிவிடுகிறது. இத்தகைய பிழைகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு: பிழையைச் செய்பவர் ஒருவர், அதற்கு விலை கொடுப்பவர் வேறொருவர், இரண்டுக்கும் நடுவே பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. ஊழியர் தரவின் தரம் என்னும் பொருளில் எழும் பெரும்பாலான சிக்கல்களுக்கு இந்த இடைவெளியே வேர்.

ஏட்டிலிருந்து கணினிக்கு

தமிழக அரசு அலுவலகங்களில் ஒவ்வோர் ஊழியருக்கும் ஒரு பணிப்பதிவேடு உண்டு. பேச்சு வழக்கில் 'எஸ்.ஆர்.' என்று குறிப்பிடப்படும் அந்த ஏட்டில் நியமனம், ஊதிய உயர்வு, விடுப்பு, இடமாற்றம், தண்டனை என ஒவ்வொரு நிகழ்வும் எழுதப்பட்டு, உரிய அதிகாரியின் கையொப்பத்தோடு உறுதி செய்யப்படும். தனியார் ஆலைகளில் வருகைப் பதிவேடும் கூலிப் பதிவேடும் இதே வேலையைச் செய்துவந்தன. இந்த ஏடுகள் அனைத்தின் பணியையும் ஒரே தரவுத்தளத்தில் ஒருங்கிணைத்து, ஆட்சேர்ப்பு முதல் ஓய்வு வரையிலான விவரங்களைச் சேமித்து, அவற்றிலிருந்து சம்பளம், விடுப்பு, வரிப்பிடித்தம் ஆகியவற்றைக் கணக்கிடும் மென்பொருள் அமைப்பே மனிதவளத் தகவல் முறைமை எனப்படுகிறது. தமிழக அரசின் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. காகிதப் பணிப்பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றி, சம்பளப் பட்டியலையும் கருவூலத்தையும் அவற்றோடு இணைக்கும் அத்திட்டம் இன்று 'களஞ்சியம்' என்ற பெயரால் ஊழியர்களுக்கு அறிமுகமாகியிருக்கிறது.

ஏட்டுக் காலத்தில் ஒரு பிழை அந்த ஏட்டோடு நின்றது. கணினிக் காலத்தில் ஒரு கட்டத்தில் தட்டப்பட்ட தவறு வங்கிக்கும், வருமான வரித்துறைக்கும், வருங்கால வைப்பு நிதி நிறுவனத்துக்கும், மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரே மாதத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மேலும், ஏட்டில் ஒவ்வொரு வரிக்கும் கையொப்பமிட்ட அதிகாரி ஒருவர் இருந்தார். ஆயிரக்கணக்கானோரின் விவரங்களை எக்செல் கோப்பிலிருந்து ஒரே முறையில் கணினியில் ஏற்றும்போது எந்த வரியை யார் சரிபார்த்தார் என்ற கேள்விக்கு விடை கிடைப்பது அரிதாகிவிடுகிறது. வேகம் கூடியபோது, பதிவுக்குப் பொறுப்பேற்கும் மனிதர் மறைந்துபோனார்.

தரம் என்பதன் பொருள்

தரவின் தரம் என்றதும் அது சரியா தவறா என்னும் ஒரே அளவுகோல்தான் பலருக்கும் தோன்றும். தரக் கட்டுப்பாட்டுத் துறையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜோசப் ஜூரன், ஒரு பொருளின் தரம் என்பது அது பயன்படும் நோக்கத்துக்குப் பொருந்தி நிற்பதே என்று விளக்கினார். அந்த விளக்கத்தை ஒட்டி, ரிச்சர்ட் வாங், டயான் ஸ்ட்ராங் என்னும் ஆய்வாளர்கள் 1996-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, தரவைப் பயன்படுத்துவோர் உண்மையில் எவற்றை எதிர்பார்க்கிறார்கள் என்று ஆராய்ந்து, 15 பண்புகளை நான்கு தொகுதிகளாக வகைப்படுத்தியது. துல்லியம் அவற்றுள் ஒன்று மட்டுமே என்பதுதான் அந்த ஆய்வின் சாரம். பின்னர் நடைமுறை வசதிக்காக முழுமை, தனித்தன்மை, காலப்பொருத்தம், விதிப்பொருத்தம், துல்லியம், ஒத்திசைவு என்னும் ஆறு பண்புகள் பரவலாகக் கையாளப்படலாயின.

ஊழியர் பதிவைக் கொண்டு இந்த ஆறையும் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். வேண்டிய கட்டங்கள் யாவும் நிரப்பப்பட்டிருப்பது முழுமை. பான் எண் விடுபட்ட ஊழியரிடம் வருமான வரிச் சட்டப்படி குறைந்தது 20 சதவீதம் பிடித்தம் செய்யப்படும் என்பதால் ஒரு வெற்றுக் கட்டத்தின் விலை சிறிதன்று. ஒரு மனிதருக்கு ஒரே ஒரு பதிவு இருப்பது தனித்தன்மை. நிகழ்வு நடந்த காலத்திலேயே பதிவும் மாறுவது காலப்பொருத்தம். வங்கிக் கிளைக் குறியீடு 11 எழுத்தும் எண்ணுமாக இருக்க வேண்டும் என்பது போன்ற வடிவ விதிகளுக்கு உட்பட்டிருப்பது விதிப்பொருத்தம். பதிவு உலக உண்மையோடு பொருந்துவது துல்லியம். ஒரே செய்தி எல்லா இடங்களிலும் ஒன்றாகவே இருப்பது ஒத்திசைவு. இவற்றுள் விதிப்பொருத்தத்தைக் கணினியே சோதித்துக்கொள்ளும். துல்லியத்தைச் சோதிக்க வெளியே போய் உண்மையைப் பார்த்துவர வேண்டும். வேறொருவருடைய வங்கிக் கணக்கு எண் வடிவ விதிப்படி முற்றிலும் சரியாகவே இருக்கும். சம்பளம் மட்டும் வேறொருவருக்குப் போகும்.

பெயர் என்னும் புதிர்

தமிழ்நாட்டு ஊழியர்களின் தரவில் மிகுதியாகச் சிக்கலைத் தருவது பெயர்தான். முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்களோடு வடிவமைக்கப்பட்ட மென்பொருள்கள், குடும்பப் பெயர் என்ற வழக்கமே பரவலாக இல்லாத, தந்தையின் பெயரை முன்னெழுத்தாக மட்டும் சுமக்கும் ஒரு சமூகத்திடம் வந்து சேர்ந்தன. கு. முருகன் என்று பள்ளிச் சான்றிதழில் இருப்பவர், கடைசிப் பெயர் கட்டாயம் என்று கணினி கேட்டதால் ஓரிடத்தில் முருகன் கு என்றும், முன்னெழுத்தை விரித்து எழுதச் சொன்ன இடத்தில் முருகன் குமாரசாமி என்றும், வேறோர் அட்டையில் குமாரசாமி முருகன் என்றும் ஆகிவிடுகிறார். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு இவர்கள் நான்கு மனிதர்கள். திருமணத்துக்குப் பின் தந்தையின் முன்னெழுத்தை விட்டுக் கணவரின் முன்னெழுத்தை ஏற்கும் பெண்களுக்கு இந்தச் சிக்கல் இருமடங்காகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது செந்தில், லட்சுமி போன்ற பெயர்களுக்கு இரண்டு மூன்று எழுத்துமுறைகள் வழக்கில் இருப்பது இதனோடு சேர்ந்துகொள்கிறது.

ஒலியால் ஒத்த பெயர்களை ஒன்றாகக் காணும் முயற்சி பழையது. அமெரிக்காவில் 1918-இல் காப்புரிமை பெற்ற 'சவுண்டெக்ஸ்' என்னும் முறை, ஒரு பெயரின் முதல் எழுத்தையும் அதைத் தொடரும் மெய்யொலிகளுக்கான எண்களையும் சேர்த்து ஒரு குறியீட்டை உண்டாக்குகிறது. எழுத்துக்கூட்டல் மாறினாலும் ஒலி ஒத்த பெயர்கள் ஒரே குறியீட்டைப் பெறும். 1930-களில் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் அங்கே அறிமுகமானபோது, பிறப்புச் சான்றிதழ் இல்லாத முதியோரின் வயதை மெய்ப்பிக்க 1880-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஏடுகளைப் புரட்ட வேண்டியிருந்தது. அதற்காகப் பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருந்த குடும்பங்களை மட்டும் எடுத்து இம்முறையில் அட்டவணை தயாரித்தார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் வேறொரு நோக்கத்துக்காக எழுதப்பட்ட பதிவே ஓர் ஊழியரின் முதுமைக்குச் சான்றாக வேண்டியிருந்தது என்பது, இன்று பதிவு செய்வோரும் நினைவில் கொள்ளத்தக்கது. ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்காக உருவான அந்த முறை, முன்னெழுத்து முன்னும் பின்னும் இடம் மாறும் தமிழ்ப் பெயர்களுக்குப் போதுமானதன்று.

இந்தியாவில் இந்தச் சிக்கல் பெரிய அளவில் வெளிப்பட்ட இடம் வருங்கால வைப்பு நிதி. 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இந்த நிதியில், முன்பு வேலை மாறும்போதெல்லாம் ஊழியருக்குப் புதிய கணக்கு எண் கிடைத்தது. பழைய கணக்குகள் அங்கங்கே தங்கிப்போயின. இதைத் தீர்க்க 2014 அக்டோபரில் வாழ்நாள் முழுமைக்கும் ஒன்றாக இருக்கும் 12 இலக்கப் பொதுக் கணக்கு எண் அறிமுகமாயிற்று. ஆனால் அந்த எண்ணோடு சேர்ந்த பெயரும் பிறந்த தேதியும் தந்தை பெயரும் பெரும்பாலும் முதலாளிகள் தந்த பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. மாதாந்திரக் கணக்கைத் தாக்கல் செய்ய ஆதார் இணைப்பு 2021-இல் கட்டாயமானபோது, அதுவரை யாரும் ஒப்பிட்டுப் பாராத இரண்டு பதிவுகள் முதன்முறையாக நேருக்கு நேர் நின்றன, வேறுபாடுகள் வெளிப்பட்டன. பிழைகள் அன்று பிறந்தவை அல்ல, பல ஆண்டுகளாக உறங்கிக் கிடந்தவை. முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கையொப்பமிடும் கூட்டு உறுதிமொழி மூலம் 11 வகை விவரங்களைத் திருத்தும் நடைமுறை 2023-இல் வகுக்கப்பட்டது. 2017 அக்டோபர் 1-க்குப் பின் ஆதாரின் துணையோடு எண் பெற்றவர்கள் பெரும்பாலான விவரங்களை இணையத்தில் தாமே திருத்திக்கொள்ளலாம் என்று 2025 ஜனவரியில் விதி தளர்த்தப்பட்டது. பதிவுக்கு உரியவர் கையிலேயே திருத்தும் வழியைக் கொடுத்தது அந்தத் தளர்வின் சிறப்பு.

பிறந்த தேதியும் இரண்டு அலுவலகங்களும்

பெயருக்கு அடுத்தபடியாகச் சிக்கலானது பிறந்த தேதி. மருத்துவமனைப் பிறப்பும் பிறப்புப் பதிவும் பரவலாகாத காலத்தில், பள்ளியில் சேர்க்கும் வயதைக் கணக்கிட்டு ஆசிரியரே ஒரு தேதியை எழுதிக்கொள்வது தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வழக்கமாக இருந்தது. அந்தத் தேதியே பின்னர்ப் பள்ளி இறுதிச் சான்றிதழிலும், அதன் வழியே பணிப்பதிவேட்டிலும் ஏறியது. உண்மையோடு பொருந்தாவிட்டாலும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருந்தவரை அந்தத் தேதியால் சிக்கல் எழவில்லை. தேதி ஓரிடத்தில் மாறி வேறோரிடத்தில் மாறாதபோதே வழக்குகள் பிறந்தன. துல்லியக் குறைவைவிட ஒத்திசைவுக் குறைவே பெரும் தொல்லை தந்தது.

இதற்கு நாடறிந்த எடுத்துக்காட்டு, இந்திய ராணுவத்தின் முன்னாள் தலைமைத் தளபதி ஜெனரல் வி.கே. சிங்கின் பிறந்த ஆண்டு பற்றிய சர்ச்சை. அவருடைய பள்ளி இறுதிச் சான்றிதழில் 1951 மே 10 என்று இருந்தது. தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் சேர 1965-இல் நிரப்பிய விண்ணப்பத்தில் 1950 என்று பதிவாகியிருந்தது. ராணுவத் தலைமையகத்திலேயே, ஆளினர் ஆவணங்களைப் பேணும் கிளை 1951 என்றும், பதவி உயர்வுகளைக் கையாளும் ராணுவச் செயலர் கிளை 1950 என்றும் இருவேறு பதிவுகளைப் பல பத்தாண்டுகளாக வைத்திருந்தன. இரண்டுள் எதை ஏற்பது என்பதைப் பொறுத்து அவருடைய பதவிக்காலம் ஏறத்தாழ 10 மாதம் கூடவோ குறையவோ செய்யும். அரசு 1950-ஐ ஏற்றது. அவர் 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தை நாடி, பிப்ரவரியில் மனுவைத் திரும்பப் பெற்று, அவ்வாண்டு மே 31-இல் ஓய்வு பெற்றார். யார் பக்கம் நியாயம் என்பது வேறு கேள்வி. ஒரே நிறுவனத்தின் இரண்டு அலுவலகங்கள் ஒரே மனிதருக்கு இரண்டு பிறந்த ஆண்டுகளை வைத்துக்கொண்டு அவற்றை ஒப்பிடாமலேயே இருந்தன என்பதுதான் தரவுத் தரத்தின் நோக்கில் முதன்மையான செய்தி.

நீதிமன்றங்கள் இந்தப் பொருளில் கண்டிப்பாக நடந்துகொள்கின்றன. பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுகளுக்குள் பிறந்த தேதியைத் திருத்தக் கோர வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. தமிழக அரசின் விதியும் அவ்வாறே. ஓய்வுபெறும் தறுவாயில் வந்து தேதியை மாற்றக் கோருவதை ஏற்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1990-களிலேயே தெளிவுபடுத்திவிட்டது. தேதியில் ஒரே ஒரு நாள் மாறுவதுகூட விளைவில்லாமல் போவதில்லை: மத்திய அரசின் அடிப்படை விதிகளின்படி ஊழியர் தாம் ஓய்வு வயதை எட்டும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார், பிறந்த தேதி மாதத்தின் முதல் நாளாக இருந்தால் முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வு பெற்றுவிடுகிறார். 2 என்பதை 1 என்று தட்டிவிட்டால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும்.

சேர்ந்த நாள், விலகிய நாள், வாரிசு

தனியார் துறை ஊழியருக்குச் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இவ்வாறே பணமாகப் பேசுகின்றன. 1995-ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுத் தகுதிப் பணிக்காலம் வேண்டும். முழு ஆண்டுகள் போக எஞ்சும் பகுதி ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தால் அது ஓராண்டாகக் கொள்ளப்படும். ஆகவே ஒன்பதரை ஆண்டுக்கு ஒரு வாரம் குறைவாகப் பதிவு இருந்தால், வாழ்நாள் முழுதும் வர வேண்டிய மாத ஓய்வூதியத்துக்குப் பதிலாக ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு ஒதுங்க வேண்டியதாகிவிடும். கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடையிலும், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு ஆண்டாகக் கணக்கிடப்படுவதால், சில நாட்களின் பிழை அரை மாதச் சம்பளத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

விலகிய தேதியை முதலாளி பதியாமல் விட்டுவிடுவது நெடுங்காலமாகத் தொழிலாளர்களை அலைக்கழித்த குறை. போனவரைப் பற்றிய பதிவை முடித்துவைப்பதில் பழைய நிறுவனத்துக்கு எந்த அவசரமும் இல்லை. ஆனால் அந்தத் தேதி இல்லாமல் ஊழியரின் பணம் புதிய கணக்குக்கு மாறாது. பழைய நிறுவனம் பதிந்த விலகல் தேதிக்கு முன்னதாகவே புதிய நிறுவனத்தில் சேர்ந்ததாகப் பதிவானால், ஒருவர் இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் வேலை பார்த்ததாகக் காட்டிக் கோரிக்கை தடைபடும். கடைசிச் சந்தா செலுத்தப்பட்ட மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்ததும் விலகல் தேதியை ஊழியரே பதிந்துகொள்ள இப்போது வழி இருக்கிறது.

யாருமே தவறு செய்யாமல் பதிவு பழுதாவதும் உண்டு. திருமணத்துக்கு முன் ஒருவர் தம் தம்பியின் பெயரை வைப்பு நிதிக்கு வாரிசாகப் பதிந்திருப்பார். திருமணமாகிக் குடும்பம் அமைந்ததும் அந்த நியமனம் விதிப்படி செல்லாததாகிவிடுகிறது. பதிந்த நாளில் அது முற்றிலும் சரியான தரவு. உலகம் மாறியது, பதிவு மாறவில்லை. காலப்பொருத்தம் என்ற பண்பின் பொருளை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

இல்லாத ஊழியர்கள்

தனித்தன்மை குலைந்தால் பதிவில் இருப்பவர் உலகில் இல்லாமல் போகிறார். இறந்தவர், விலகியவர், இரண்டு பெயரில் சம்பளம் பெறுபவர், ஒருபோதும் வாழாதவர் ஆகியோர் சம்பளப் பட்டியலில் தொடர்வதை ஆங்கில உலகம் பேய் ஊழியர் என்று அழைக்கிறது. நைஜீரியாவின் நிதி அமைச்சகம் 2016-இல், கூட்டாட்சி அரசின் சம்பளப் பட்டியலை வங்கிகளின் பயோமெட்ரிக் அடையாள எண்களோடு ஒப்பிட்டு ஏறத்தாழ 24,000 பெயர்களை நீக்கியதாக அறிவித்தது. தான்சானியா அரசும் அதே ஆண்டில் 10,000-க்கும் மேற்பட்டோரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. நைஜீரியா கையாண்ட தந்திரம் எளியது: தனித்தனியே பேணப்பட்ட இரண்டு பட்டியல்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தல். ஆயினும் பட்டியல்கள் வேறுபடும் இடமெல்லாம் மோசடி நடந்த இடமென்று முடிவுகட்ட இயலாது. பெயரின் எழுத்துக்கூட்டல் மாறியதால் மட்டும் பொருந்தாமல் போன உண்மையான ஊழியரின் சம்பளமும் அதே வலையில் சிக்கிக்கொள்ளக்கூடும். ஆகவே வேறுபாட்டை விசாரணையின் தொடக்கமாகக் கொள்ள வேண்டுமே தவிர, தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

கனடா கற்ற பாடம்

ஊழியர் தரவும் சம்பள மென்பொருளும் மோதிக்கொண்டால் என்ன நேரும் என்பதற்குக் கனடாவின் 'ஃபீனிக்ஸ்' முறைமை உலகுக்கு ஒரு பாடம். பல துறைகளில் சிதறிக் கிடந்த சம்பளப் பணியை ஒருங்கிணைக்க 2009-இல் தொடங்கிய அந்த முயற்சியில், ஏறத்தாழ 2,90,000 கூட்டாட்சி அரசு ஊழியர்களுக்கான புதிய மென்பொருள் 2016 பிப்ரவரியிலும் ஏப்ரலிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. 46 துறைகளிலிருந்த ஏறத்தாழ 1,200 சம்பளக் கணக்கர்களின் வேலை, நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தின் மிராமிச்சி நகரில் அமைந்த மையத்தில், அவர்களில் பாதிக்கும் குறைவான எண்ணிக்கையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. 80,000-க்கும் மேற்பட்ட சம்பள விதிகளை அந்த முறைமை கையாள வேண்டியிருந்தது. செலவையும் காலத்தையும் குறைப்பதற்காகச் சில வசதிகள் நீக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, கடந்த காலத்துக்கான சம்பள மாற்றத்தைத் தானாகக் கணக்கிடும் வசதி.

பொறுப்புப் பதவி, மிகைநேர வேலை, பேறுகால விடுப்பு, பணி திரும்பல் போன்றவற்றைத் துறைகளின் மனிதவளப் பிரிவுகள் நிகழ்வுக்குப் பின் ஆற அமரப் பதிந்து வந்தன. பழைய முறையில் அனுபவமுள்ள கணக்கர் அந்தத் தாமதத்தைக் கையால் சரிக்கட்டிக்கொண்டிருந்தார். புதிய முறைமையோ எல்லாத் தரவும் உரிய நேரத்தில் வந்துசேரும் என்ற எதிர்பார்ப்பில் கட்டப்பட்டிருந்தது. தாமதமாக வந்த ஒவ்வொரு பதிவும் கையால் தீர்க்க வேண்டிய ஒரு சிக்கலாக மிராமிச்சியில் குவிந்தது. 2017 நடுப்பகுதியில் 1,50,000-க்கும் மேற்பட்டோரின் சம்பளக் கோரிக்கைகள் தேங்கிக் கிடந்ததாகவும், மிகையாகவும் குறைவாகவும் வழங்கப்பட்ட தொகைகள் 52 கோடி டாலரைத் தாண்டியதாகவும் அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கையிட்டார். அடுத்த ஆண்டு அறிக்கை அந்தத் திட்டத்தைப் புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று வருணித்தது. மேலாண்மைக் குறைகள் பல இருந்தன. எனினும் தரவின் நோக்கில் தெரிவது இதுதான்: பழைய முறையில் இருந்த பிழைகளை மனிதர்கள் சத்தமின்றிச் சுமந்துகொண்டிருந்தார்கள். அந்த மனிதர்களை நீக்கியதும் பிழைகள் அனைத்தும் ஊழியர்களின் வீட்டு வாசலில் வந்து நின்றன.

புதிய மென்பொருள் வாங்கினால் பழைய தரவு தானே திருந்திவிடும் என்ற நம்பிக்கை எல்லா நாடுகளிலும் இருக்கிறது. கல் பொறுக்காத அரிசியைப் புதுப் பானையில் இட்டாலும் சோற்றில் கல் இருக்கவே செய்யும். தரவை இடம் மாற்றும் முன் துப்புரவு செய்வதும், பழைய முறையையும் புதிய முறையையும் சில மாதங்கள் இணையாக ஓட்டி இரண்டின் சம்பளக் கணக்கையும் ஒப்பிடுவதும் நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றலாம். பின்னர் வரும் செலவோடு ஒப்பிட்டால் அவை மிக மலிவானவை.

பிழை பிறக்கும் இடத்தில் காவல்

பிழைகள் ஏன் தொடர்கின்றன என்பதற்கான விடை தொழில்நுட்பத்தைவிட மனித ஏற்பாட்டிலேயே மிகுதியாக இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவரின் விவரங்களைக் கணினியில் ஏற்றும் எழுத்தரின் வேலை, நாளொன்றுக்கு எத்தனை பதிவுகள் முடித்தார் என்பதைக் கொண்டு அளக்கப்படுகிறது. முப்பதாண்டு கழித்து அந்தப் பதிவால் ஓய்வூதியம் தடைபடுவது அவருக்குத் தெரியவும் தெரியாது. மேலும் கட்டாயக் கட்டங்களைப் பெருக்குவதால் மட்டும் தரம் உயர்வதில்லை. விவரம் கையில் இல்லாதபோதும் நிரப்பியே ஆக வேண்டும் என்று கணினி வற்புறுத்தினால், பதிபவர் 1900 ஜனவரி 1 என்ற பிறந்த தேதியையோ, பத்து ஒன்பதுகளைக் கொண்ட கைபேசி எண்ணையோ இட்டு மேலே செல்வார். வெற்றுக் கட்டம் தன் குறையைத் தானே காட்டும். பொய்யால் நிரம்பிய கட்டம் அதை மறைத்துவிடும்.

ஆகவே நல்ல முறைமைகள் சில கொள்கைகளைப் பின்பற்றுகின்றன. ஒவ்வொரு விவரத்துக்கும் மூலம் எது என்பதை வரையறுத்து, பிற இடங்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள மட்டுமே அனுமதித்தல் முதலாவது. 'தெரியவில்லை' என்று நேர்மையாகப் பதிய வழிவிட்டு, அத்தகைய பதிவுகளைக் குறித்த காலத்துக்குள் நிறைவு செய்யச் சொல்வது அடுத்தது. ஊர், பதவி, துறை போன்றவற்றைக் கைப்போக்கில் தட்டச் செய்யாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்வதால் ஒரே பதவிக்குப் பத்து எழுத்துமுறைகள் தோன்றுவது தவிர்க்கப்படும். வங்கிக் கணக்கில் ஒரு ரூபாயைச் செலுத்தி, கணக்குக்கு உரியவரின் பெயர் பொருந்துகிறதா என்று பார்த்த பின்பே முதல் சம்பளத்தை அனுப்புவது துல்லியத்தைச் சோதிக்கும் எளிய வழி. ஒவ்வொரு மாதமும் சம்பளப் பட்டியலைச் சென்ற மாதத்தோடு ஒப்பிட்டு, புதியவர், நீங்கியவர், தொகை பெரிதும் மாறியவர் ஆகியோரை மட்டும் தனியே பார்ப்பதால் பெரும்பாலான தவறுகள் பணம் போகுமுன்பே அகப்படும். எந்தத் திருத்தத்தை யார், எப்போது, எந்த ஆவணத்தைக் கொண்டு செய்தார் என்ற தடம் அழியாமல் இருந்தால், ஏட்டுக் காலத்துக் கையொப்பத்தின் பயன் கணினியிலும் திரும்பக் கிடைக்கும்.

இவை அனைத்தையும்விட வலிமையான காவல், பதிவுக்கு உரியவரின் கண்தான். தன் பெயரிலும் தேதியிலும் உள்ள பிழையை ஒரே பார்வையில் காணக்கூடியவர் அந்த ஊழியர் ஒருவரே. அதைக் கண்டுபிடிப்பதில் நேரடி ஆதாயம் உள்ளவரும் அவரே. ஊழியர் தம் பதிவைத் தாமே பார்க்கவும் திருத்தம் கோரவும் வசதி தரும் இணையப் பக்கங்கள், செய்பவருக்கும் இழப்பவருக்கும் இடையிலான தொலைவைக் குறைக்கின்றன. எனினும் தூய்மைப் பணியாளர், கட்டுமானத் தொழிலாளர், ஒப்பந்தக் காவலாளி போன்றோர் இத்தகைய பக்கங்களை எளிதில் அணுக இயலாதவர்கள். அவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் பதிவின் நகலைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்துப் படித்துக் காட்டும் பொறுப்பு நிறுவனத்தைச் சார்ந்தது.

சட்டமும் கணினித் தீர்ப்பும்

இந்தப் பொறுப்பு இப்போது சட்டத்தின் மொழியிலும் இடம்பெற்றுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, தனிநபர் தரவு துல்லியமாகவும் நடப்பு நிலைக்கு ஏற்பவும் இருக்க வேண்டும் என்பதை ஓர் அடிப்படைக் கொள்கையாக வைத்திருக்கிறது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவரைப் பாதிக்கும் முடிவை எடுக்கப் பயன்படும் தரவு முழுமையாகவும் துல்லியமாகவும் முரணின்றியும் இருப்பதை அதைக் கையாளும் நிறுவனம் உறுதி செய்ய வேண்டும் என்று விதிக்கிறது. தரவைத் திருத்தவும் நிறைவு செய்யவும் கோரும் உரிமையையும் தருகிறது.

முடிவெடுக்கும் வேலை கணினியிடமே போய்க்கொண்டிருக்கும் காலத்தில் இந்தக் கடமை மேலும் கனக்கிறது. அமேசான் நிறுவனம் சோதித்துப் பார்த்த ஆட்தேர்வு மென்பொருள், பத்தாண்டு விண்ணப்பங்களில் பயிற்சி பெற்றதாகவும், அவற்றுள் பெரும்பாலானவை ஆண்களுடையவை என்பதால் பெண்களைக் குறிக்கும் சொற்கள் வந்த விண்ணப்பங்களுக்குக் குறைந்த மதிப்பெண் இட்டதாகவும், அதனால் கைவிடப்பட்டதாகவும் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2018-இல் வெளியிட்டது. அந்தத் தரவில் எழுத்துப் பிழை ஏதும் இல்லை. நடந்ததை அது சரியாகவே சொன்னது. நடந்தது நேர்மையானதா என்ற கேள்வியை மட்டும் அது எழுப்பவில்லை. சரியான தரவும் பயன்படும் நோக்கத்துக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதால், ஜூரனின் விளக்கம் இங்கே மீண்டும் மெய்ப்படுகிறது.

மென்பொருளின் விலையையும் சேமித்த காகிதத்தையும் கணக்கிட்டு மனிதவள முறைமைகளை மதிப்பிடும் வழக்கம் மாற வேண்டும். ஓய்வுபெறும் நாளில் எந்த அலைச்சலுமின்றித் தம் பணத்தைப் பெற்றுச் சென்றவர் எத்தனை பேர் என்பதே உண்மையான அளவுகோல். அதுவரை காத்திராமல் வேலையில் இருக்கும் ஒவ்வொருவரும் தம் ஆதார், பான், வைப்பு நிதிக் கணக்கு, வங்கிக் கணக்கு ஆகிய நான்கிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா, பழைய நிறுவனத்தில் விலகிய தேதி பதிவாகியிருக்கிறதா, திருமணத்துக்குப் பின் வாரிசு நியமனம் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று இந்த மாதமே பார்த்துவிடுவது நல்லது. வேலையில் இருக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் முடியும் திருத்தம், விலகிய பின் பல அலுவலகங்களின் படிகளை ஏற வைக்கும்.